இருந்த இடத்திலேயே சைக்கிள்: வாசகர் கேள்வி பதில்

வீட்டுக்குள் சைக்கிள் மிதிப்பது பற்றிப் போன இதழில் ஒரே ஒரு கேள்விக்குப் பதில் சொல்லப்போக, சேலத்திலிருந்தும் ஏற்காட்டிலிருந்தும் கடிதங்கள் வந்து குவிந்துவிட்டன. அதனால் இந்தத் தடவை முழுக்க அதுதான். பெயர் போட வேண்டாம் என்று பலர் கேட்டுக்கொண்டதால் ஊரை மட்டும் போட்டிருக்கிறேன்.

வணக்கம் சார். எனக்கு 43 வயது. தீபாவளி ஆஃபரில் ஒரு ஸ்பின் பைக் வாங்கினோம். பத்து நிமிடம் மிதித்தாலே உட்காரும் இடம் உயிர் போகிற மாதிரி வலிக்கிறது, முட்டியும் வலிக்கிறது. "துணி காயப்போடத்தான் லாயக்கு, வந்த விலைக்குத் தள்ளிவிடு" என்கிறார் வீட்டுக்காரர். விற்றுவிடலாமா?
— வாசகி, அழகாபுரம்

விற்க வேண்டாம் மேடம். முதலில் சீட்டை ஏற்றிப் பாருங்கள்.

சைக்கிள் என்றாலே கால் தரையில் ஊன்ற வேண்டும் என்று சின்ன வயதிலிருந்தே பழகிவிட்டோம். ரோட்டில் அது சரி, ஐந்து ரோடு சிக்னலில் நிற்க வேண்டுமே. இந்த வண்டி எங்கேயும் போகப்போவதில்லை, அப்புறம் எதற்குக் கால் தரையில் எட்ட வேண்டும்? ஆனாலும் பழக்கதோஷத்தில் சீட்டைத் தாழ்த்தி வைத்துக்கொள்கிறோம். ஒவ்வொரு மிதிக்கும் முட்டி அளவுக்கு மேல் மடங்கி, முட்டிச் சில்லில் அழுத்தம் ஏறி, பத்தாவது நிமிடம் வலி ஆரம்பித்துவிடுகிறது.

வண்டிக்குப் பக்கத்தில் நின்றுகொள்ளுங்கள். இடுப்பில் கை வைத்தால் பக்கவாட்டில் எலும்பு தட்டுப்படும் இல்லையா, சீட் ஏறக்குறைய அந்த உயரத்துக்கு வர வேண்டும். இது தோராயம்தான். அப்புறம் ஏறி உட்கார்ந்து, ஒரு பெடலை அடிமட்டத்துக்குக் கொண்டுவந்து அதன் மேல் குதிகாலை வையுங்கள். இடுப்பு ஒரு பக்கமாகச் சரியாமல் கால் நேராக நீண்டால் உயரம் சரி. இனி மிதிக்கும்போது பெடலில் இருக்க வேண்டியது குதிகால் இல்லை, பாதத்தின் முன்பகுதி. அப்படி வைத்தால் கால் முழுசாக நீளும் இடத்தில்கூட முட்டியில் லேசான மடிப்பு இருக்கும். முட்டிக்கு முன்பக்கம் வலித்தால் பெரும்பாலும் சீட் தாழ்வு. முட்டிக்குப் பின்பக்கம் இழுத்தாலோ, மிதிக்கும்போது இடுப்பு இந்தப் பக்கம் அந்தப் பக்கம் ஆடினாலோ சீட் உயரம். ஒரு தடவைக்கு ஒரு துளைதான் மாற்ற வேண்டும். சீட் கம்பியில் எண்கள் போட்டிருப்பார்கள், உங்கள் எண்ணை ஒரு மார்க்கரால் குறித்துவையுங்கள், ஏனென்றால் நாளைக்கு வீட்டுக்காரரும் ஏறப்போகிறார், ஏறியவர் சீட்டை மறுபடி பழைய இடத்துக்கு மாற்றிவைக்கப் போவதில்லை.

சீட் முன்னாலும் பின்னாலும் நகரும், அதைப் பலர் தொடுவதே இல்லை. இரண்டு பெடலும் தரைக்குச் சமமாக இருக்கும்போது, முன்னால் இருக்கும் காலின் முட்டிச் சில்லுக்குக் கீழே ஒரு மேடு இருக்கும், அங்கிருந்து நூலில் சாவியைக் கட்டித் தொங்கவிட்டால் சாவி பெடலின் அச்சுக்கு நேராகத் தொங்க வேண்டும். கொஞ்சம் முன்னே பின்னே இருந்தால் குடி முழுகிவிடாது. ஹேண்டில்பார் முதல் ஒரு மாதம் சீட்டைவிடக் கொஞ்சம் உயரமாகவே இருக்கட்டும். ரேஸ்காரர் மாதிரி குனிந்து ஓட்டினால் கழுத்தும் கையும் வலிக்கும், இப்போதைக்கு வேறு லாபம் இல்லை.

உட்காரும் இடத்து வலிக்கு வருவோம். உட்காரும்போது உடம்பின் எடையைத் தாங்கும் இரண்டு எலும்புகள் இந்தக் கூர்மையான சீட்டுக்குப் பழக ஓரிரு வாரம் ஆகும். அதுவரை ஒரே மூச்சில் நீண்ட நேரம் உட்கார வேண்டாம். ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை டைட்டை, அதாவது பெடலின் பளுவை, கொஞ்சம் கூட்டிக்கொண்டு, பத்துப் பதினைந்து விநாடி எழுந்து நின்று மிதித்துவிட்டு உட்காருங்கள். பேட் வைத்த சைக்கிளிங் ஷார்ட்ஸ் கிடைக்கிறது, நல்ல உதவி. அதை உள்ளாடை இல்லாமல்தான் போட வேண்டும், கடையில் இதை வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள், உள்ளாடை போட்டால் அதன் தையல் உரசிப் புண்ணாகிவிடும். தலையணை கனத்துக்கு ஜெல் கவர் வாங்கி மாட்டினால் தொடை உரசல்தான் கூடும். வலி பழகிப்போகும், மரத்துப்போவது மட்டும் வேறு விஷயம். அந்த இடம் மரத்தாலோ குறுகுறுத்தாலோ உடனே இறங்கி, சீட்டின் மூக்கு மேலே தூக்கிக்கொண்டு இருக்கிறதா என்று பாருங்கள், தரைக்குச் சமமாக வையுங்கள், ஹேண்டில்பாரை இன்னும் ஏற்றுங்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியமான ஒன்று. ஸ்பின் பைக்கில் முன்னால் கனமாக ஒரு சக்கரம், ஃப்ளைவீல், சுற்றுகிறதே, பெரும்பாலான வண்டிகளில் அது பெடலோடு நேரடியாகப் பிணைந்தது. நீங்கள் மிதிப்பதை நிறுத்தினாலும் அது நிற்காது, காலை இழுத்துக்கொண்டே சுற்றும். வேகமாகப் போகும்போது திடீரென்று காலை எடுத்தால் பெடல் கெண்டைக்காலில் அடிக்கும். நிறுத்த வேண்டும் என்றால் டைட் வைக்கும் குமிழை அப்படியே கீழே அழுத்துங்கள், அதுதான் பிரேக். நைட்டி, துப்பட்டா, புடவை எதுவும் வேண்டாம். லெக்கிங்ஸும் ஷூவும் போதும், செருப்பு கூடவே கூடாது. வீட்டில் தவழும் குழந்தை இருந்தால் நீங்கள் ஓட்டும்போது அந்த அறைக்கதவு சாத்தியிருக்க வேண்டும், ஓட்டி முடித்ததும் குமிழை முழுசாக டைட் செய்துவிட வேண்டும், பிஞ்சு விரல்கள் ஃப்ளைவீல் பக்கம் போவதற்கு ஒரு நொடி போதும்.

முதல் இரண்டு வாரம் ஒரு நாள் விட்டு ஒரு நாள், 15 நிமிடம். ஆரம்பத்தில் ஐந்து நிமிடம் லேசாக, நடுவில் ஐந்து நிமிடம் கொஞ்சம் மூச்சு வாங்கும்படி, கடைசி ஐந்து நிமிடம் மறுபடி லேசாக. அளவு என்ன தெரியுமா, போனில் அக்காவிடம் முழு வாக்கியமாகப் பேச முடிய வேண்டும், பாட்டுப் பாட முடியக் கூடாது. டைட்டை ஒரேயடியாகக் குறைத்துவிட்டுக் காற்றில் மிதிக்க வேண்டாம், அப்போதுதான் உடம்பு சீட்டில் குதித்து முட்டியும் இடுப்பும் வலிக்கிறது. 15 விநாடியில் வலது கால் எத்தனை தடவை கீழே வருகிறது என்று எண்ணி நாலால் பெருக்குங்கள், 70 முதல் 90க்குள் இருந்தால் சுகம். மூன்றாவது வாரத்திலிருந்து வாரா வாரம் ஐந்து நிமிடம் கூட்டிக்கொண்டே போகலாம். வாரத்துக்கு 150 நிமிடம் மிதமான உடற்பயிற்சி என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது, அங்கே போய்ச் சேர இரண்டு மாதம் ஆனால்கூட ஒன்றும் குறைந்துவிடாது. முதல் வாரமே யூடியூப் பார்த்து 45 நிமிட வகுப்பில் குதிக்கிறவர்களின் வண்டிதான் பொங்கலுக்குள் துணி காயப்போடும் கம்பியாகிறது.

54 வயது. எட்டு வருடமாகச் சர்க்கரை, மாத்திரையில் ஓடுகிறது. டாக்டர் நடக்கச் சொன்னார், எங்கள் தெருவில் நாய்த் தொல்லை, அதனால் எக்சர்சைஸ் சைக்கிள் வாங்கலாம் என்று இருக்கிறேன். காலையில் வெறும் வயிற்றில் செய்யலாமா? கையில் கட்டியிருக்கும் வாட்ச் இதயத் துடிப்பு 166க்கு மேல் போகக் கூடாது என்கிறது.
— வாசகர், சூரமங்கலம்

சைக்கிள் நல்ல முடிவு சார். தொடைத் தசை உடம்பின் பெரிய தசைகளில் ஒன்று, அது வேலை செய்தால் ரத்தத்தில் இருக்கும் சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். ஆனால் வாங்குவதற்கு முன்னால் ஒரு தடவை டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். நெஞ்சு, கண், பாதம் மூன்றையும் பார்த்து அவர் சரி என்று சொல்லட்டும். எட்டு வருட சர்க்கரையில் விழித்திரை பாதித்திருந்தால் மூச்சைப் பிடித்துக்கொண்டு முக்கி மிதிப்பது ஆகாது.

வெறும் வயிறா இல்லையா என்பது நீங்கள் சாப்பிடும் மாத்திரையைப் பொறுத்தது. மெட்ஃபார்மின் மட்டும் என்றால் சர்க்கரை தாழ்ந்துபோகும் பயம் குறைவு. கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு வகை மாத்திரையோ இன்சுலினோ இருந்தால் தாழ வாய்ப்பு உண்டு, அவர்கள் வெறும் வயிற்றில் செய்யும் முன் மீட்டரில் பார்த்துக்கொள்ள வேண்டும். 100க்குக் கீழே இருந்தால் ஒரு வாழைப்பழமோ இரண்டு பிஸ்கட்டோ சாப்பிட்டுவிட்டு ஏறுங்கள். 250க்கு மேல் இருந்து உடம்பும் சரியில்லை என்றால் அன்றைக்கு லீவு. கைக்கெட்டும் இடத்தில் குளுக்கோஸ் இருக்கட்டும். இன்னொன்று, சர்க்கரை மிதித்து முடித்தவுடனே தாழாமல் பல மணி நேரம் கழித்து, ராத்திரியில்கூடத் தாழலாம்.

சாக்ஸ் போடுங்கள், முடித்ததும் பாதத்தைத் திருப்பிப் பாருங்கள், நீண்ட நாள் சர்க்கரையில் கொப்புளம் வலிக்காமலேயே புண்ணாகலாம்.

வாட்ச் சொல்லும் 166 வேறொன்றும் இல்லை, 220லிருந்து உங்கள் வயதைக் கழித்த கணக்கு. அது சராசரி. அதே வயதுக்காரர்களுக்குள்ளேயே பத்துப் பன்னிரண்டு துடிப்பு மேலே கீழே இருக்கும். ரத்த அழுத்தத்துக்கு அடினோலால், மெட்டோபிரோலால் மாதிரி மாத்திரை சாப்பிட்டால் துடிப்பு அவ்வளவாக ஏறாது, அப்போது வாட்ச்சை நம்பி முக்கினால் ஆபத்து. பேச்சு வருகிறதா என்பதுதான் உங்களுக்கு மீட்டர். நெஞ்சில் இறுக்கம், தாடைக்கோ கைக்கோ பரவும் வலி, கண் இருட்டுவது, இதில் எது வந்தாலும் "வாயுவாக இருக்கும்" என்று சோடா குடித்துக்கொண்டு உட்காராமல் 108க்குக் கூப்பிடுங்கள்.

அண்ணா, காலேஜ் மூன்றாம் வருடம். ஞாயிற்றுக்கிழமை நண்பர்களோடு ஏற்காடு மலை ஏறுவேன், ஆனால் பாதி வளைவுக்கு மேல் நாக்குத் தள்ளிவிடுகிறது, இறங்கித் தள்ளிக்கொண்டு போகிறேன். ஐப்பசி கார்த்திகை மழையில் ரோட்டுக்கே போக முடியவில்லை. வீட்டிலேயே பயிற்சி செய்து நிற்காமல் ஏற முடியுமா? ஸ்பின் பைக் வாங்குவதா, என் சைக்கிளையே மாட்டி நின்ற இடத்தில் மிதிக்கும் ட்ரெயினர் வாங்குவதா?
— வாசகர், கன்னங்குறிச்சி

தம்பி, சொந்தமாக கியர் சைக்கிள் இருக்கும்போது ஸ்பின் பைக் எதற்கு? ட்ரெயினர் வாங்கு. அதில் இரண்டு ரகம். ஒன்றில் உன் பின் சக்கரம் ஒரு உருளை மேல் உரசிச் சுற்றும். விலை குறைவு, டயர் தேயும், சத்தம் வரும், பழைய டயர் ஒன்றைப் போட்டுக்கொண்டால் சரி. இன்னொன்றில் பின் சக்கரத்தையே கழற்றிவிட்டுச் செயினை நேராக ட்ரெயினரில் மாட்டுவது. சத்தம் குறைவு, விலை எக்கச்சக்கம். ஸ்மார்ட் ட்ரெயினர் என்றால் ஸ்விஃப்ட் மாதிரி ஆப்பில் இணைத்துத் திரையில் மலை வரும்போது தானாகவே பளு ஏறும், 2014லிருந்து அந்த ஆப் இருக்கிறது, மாதச் சந்தா கட்ட வேண்டும். படிக்கிற பையனுக்கு முதல் ரகமும் ஒரு கடிகாரமும் போதும்.

இப்போது மலைக்கு வா. அடிவாரத்திலிருந்து மேலே 20 கொண்டை ஊசி வளைவு, சுமார் 20 கிலோமீட்டர், கணக்குக்கு ஆயிரம் மீட்டர் ஏற்றம் என்று வைத்துக்கொள்வோம். நீ 65 கிலோ, சைக்கிள் 12 கிலோ. இந்த 77 கிலோவை ஆயிரம் மீட்டர் மேலே தூக்க ஏறக்குறைய 755 கிலோஜூல் வேண்டும். இரண்டு மணி நேரத்தில் ஏறுவது என்றால் தூக்குவதற்கு மட்டும் 105 வாட், டயர் உரசலும் காற்றும் சேர்த்தால் 125ஐ ஒட்டி வரும். ஒன்றரை மணி நேரத்தில் என்றால் 170 பக்கம். பார்த்தாயா, அரை மணி குறைக்க எவ்வளவு கூடுதல். பாதி மலையில் உனக்கு நாக்குத் தள்ளுவதற்குக் காரணம் உடம்பில் தெம்பில்லாதது இல்லை, முதல் ஐந்து வளைவை நண்பர்களோடு போட்டி போட்டு 200, 220 வாட்டில் ஏறியிருப்பாய், அந்தக் கடனை மீதி வளைவுகளில் அடைக்கிறாய்.

அதனால் ட்ரெயினரில் நீ கற்றுக்கொள்ள வேண்டியது வேகத்தை இல்லை, ஒரே அழுத்தத்தில் ஓடுவதை. வாரத்தில் ஒரு நாள் பத்து நிமிடம் லேசாக மிதித்துவிட்டு, எட்டு நிமிடம் அழுத்தமாக, நாலு நிமிடம் லேசாக, இப்படி மூன்று தடவை. அழுத்தம் என்றால் மூன்று நாலு வார்த்தைக்கு மேல் சேர்ந்தாற்போல் பேச முடியாத அளவு, ஆனால் எட்டாவது நிமிடமும் முதல் நிமிடம் மாதிரியே இருக்க வேண்டும். கடைசியில் துவண்டு போனால் ஆரம்பத்திலேயே அதிகம் கொடுத்துவிட்டாய் என்று அர்த்தம், அடுத்த தடவை குறைத்துக்கொள். ஒன்றிரண்டு வாரத்துக்கு ஒரு தடவை எட்டைப் பத்தாக்கு, அப்புறம் பன்னிரண்டாக்கு. அந்த மூன்றில் ஒன்றை மட்டும் கனமான கியரில், நிமிடத்துக்கு 60, 65 சுற்றில், உட்கார்ந்தே மிதி, கொண்டை ஊசியில் கால் அப்படித்தான் சுற்றும்; முட்டி முணுமுணுத்தால் அதை விட்டுவிடு. இன்னும் இரண்டு நாள் முக்கால் மணி நேரம் சும்மா, லேசாக, பேசிக்கொண்டே. தினமும் வியர்வை கொட்டினால்தான் பயிற்சி என்று நினைக்காதே, லேசான நாட்களில்தான் கால் தேறுகிறது.

ட்ரெயினரில் ஒரு மணி நேரம் ரோட்டில் ஒரு மணி நேரத்தைவிடக் கஷ்டமாகத் தெரியும், பயந்துவிடாதே. ரோட்டில் இறக்கம் வரும், பஸ்ஸுக்கு வழிவிட நிற்பாய், இங்கே கால் ஓய்வதே இல்லை. ஓட்டும்போது ஹேண்டில்பார் மேல் ஒரு பழைய துண்டைப் போட்டு வை, வியர்வை உப்பு ஹெட்செட்டுக்குள், அதாவது ஹேண்டில்பார் திரும்பும் பேரிங்குக்குள், இறங்கினால் போல்ட் துருப்பிடித்துவிடும்.

ட்ரெயினர் சொல்லித்தராத ஒன்று இறக்கம். வளைவுக்குள் நுழையும் முன்பே பிரேக் பிடித்து முடித்துவிட வேண்டும், ஈர ரோட்டில் இன்னும் முன்பே. மேலே பனிமூட்டம் இருந்தால் பகலிலும் பின்விளக்கு எரியட்டும்.

மாடியில் தகர ஷெட் போட்ட ரூமில்தான் சைக்கிள் வைக்க இடம் இருக்கிறது. ஏசி போட வேண்டுமா? சித்திரை வெயிலில் என்ன செய்வது?
— வாசகி, அம்மாபேட்டை

ஏசிக்குப் போடும் காசில் காலே அரைக்கால் போதும், ஒரு பெடஸ்டல் ஃபேன் வாங்குங்கள். நாம் செலவழிக்கும் சக்தியில் நாலில் ஒரு பங்குக்கும் குறைவாகத்தான் பெடலுக்குப் போகிறது, மீதி எல்லாம் சூடு. ரோட்டில் போகும்போது எதிர்க்காற்று அதை வாங்கிக்கொள்ளும். அறைக்குள் காற்று நின்றுவிட்டால் வியர்வை காயாமல் சொட்டும், சொட்டுகிற வியர்வை உடம்பைக் குளிரவைக்காது. அதனால்தான் உள்ளே பத்து நிமிடத்திலேயே தலை கிறுகிறுக்கிறது. ஃபேன் நேராக நெஞ்சுக்கும் முகத்துக்கும் அடிக்கட்டும், சீலிங் ஃபேன் போதாது, ஜன்னல் திறந்திருக்கட்டும்.

தகர ஷெட் என்றால் காலை ஐந்து, ஐந்தரை மணிதான். சாயங்காலம் ஆறு மணிக்கு வெயில் போனாலும் தகரம் பகல் சூட்டை இறக்கிக்கொண்டேதான் இருக்கும். அரை மணிக்கு மேல் மிதித்தால் உப்புப் போட்ட நீர்மோர் ஒரு சொம்பு. கரண்ட் போனால் காந்தத்தால் பளு கொடுக்கும் சாதாரண சைக்கிள் ஓடும், ஃபேன்தான் நிற்கும். அன்றைக்கு டைட்டைக் குறைத்துப் பத்து நிமிடத்தில் முடித்துக்கொள்ளுங்கள்.

தினமும் அரை மணி மிதிக்கிறேன், ஸ்கிரீனில் 400 கலோரி காட்டுகிறது. ஒரு மாதம் ஆகியும் தொப்பை அப்படியே இருக்கிறதே?
— வாசகர், செவ்வாய்ப்பேட்டை

அந்த 400ஐ நம்பாதீர்கள். உங்கள் எடையே தெரியாத ஒரு மானிட்டர் குத்துமதிப்பாகப் போடும் எண் அது. மிதமாக மிதிக்கிற ஒருவருக்கு அரை மணியில் 200, 250 வந்தாலே நல்ல கணக்கு. சாயங்காலம் இரண்டு தட்டுவடை செட்டும் ஒரு டீயும் உள்ளே போனால் கணக்கு நேராகிவிடும். தட்டுவடை செட்டை விடுங்கள் என்று சேலத்துக்காரரிடம் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை, ஒன்றாகக் குறைக்கலாம். அப்புறம், கால் மிதித்தால் வயிற்றுக் கொழுப்பு மட்டும் தனியாகக் கரையாது. உடம்பு தன் இஷ்டப்படிதான் எடுக்கும், பெரும்பாலும் தொப்பையைக் கடைசியில்தான் தொடும். ஒரு மாதத்தில் மாடிப்படி ஏறும்போது மூச்சு வாங்குவது குறைந்திருக்கிறதா பாருங்கள்.

ஏற்காட்டில் எஸ்டேட் குவார்ட்டர்ஸில் இருக்கிறோம். சேலத்தில் ஒருவர் பழைய ஸ்பின் பைக் விற்கிறார். என்ன பார்த்து வாங்க வேண்டும்? இங்கே ஈரத்துக்குத் துருப்பிடிக்குமா?
— வாசகி, ஏற்காடு

பிடிக்கும். மழைக்காலத்தில் அலமாரியில் இருக்கும் துணியே பூஞ்சை பூக்கிற ஊர். வெளிச்சுவரை ஒட்டி வைக்காதீர்கள், ஓட்டி முடித்ததும் ஹேண்டில்பார், சீட் கம்பி, ஃப்ளைவீல் எல்லாவற்றையும் காய்ந்த துணியால் துடைத்துவிடுங்கள், செயின் வண்டி என்றால் மாதம் ஒரு தடவை இரண்டு சொட்டு எண்ணெய். ஃப்ளைவீல் மேலும் பிரேக் பட்டை மேலும் எண்ணெய் படக் கூடாது.

வாங்கும்போது பெடல் கட்டையைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டுங்கள், டக் டக் என்று ஆட்டம் கொடுத்தால் பேரிங் போய்விட்டது, விட்டுவிடுங்கள். குமிழைத் திருகும்போது பளு சீராகக் கூட வேண்டும், ஒரு இடத்தில் ஒன்றுமே இல்லாமல் அடுத்த திருகில் கப்பென்று பிடித்தால் பட்டை தேய்ந்திருக்கிறது, அது மட்டும் என்றால் மாற்றிக்கொள்ளலாம். சீட் கம்பியை முழுசாக வெளியே எடுத்துத் துருப் பாருங்கள், அதிலேயே 'இதற்கு மேல் இழுக்காதே' என்று ஒரு கோடு இருக்கும், உங்கள் உயரத்துக்கு அந்தக் கோட்டைத் தாண்ட வேண்டியிருந்தால் அந்த வண்டி உங்களுக்கு இல்லை. எத்தனை கிலோ தாங்கும் என்று ஸ்டிக்கரில் போட்டிருப்பார்கள், அதையும் படியுங்கள். முக்கியமாக, பத்து நிமிடம் ஓட்டிப் பார்க்காமல் காசு கொடுக்க வேண்டாம், 20 வளைவு ஏற்றிக் கொண்டுவந்துவிட்டால் திருப்பி அனுப்பும் வண்டி வாடகைக்கு இன்னொரு சைக்கிளே வாங்கிவிடலாம்.

என் மாமியாருக்கு 68 வயது, முட்டித் தேய்மானம். என் ஸ்பின் பைக்கையே அவரும் ஓட்டலாமா?
— வாசகி, ஓமலூர்

ஸ்பின் பைக் வேண்டாம்மா. ஏறி இறங்குவதே அவருக்குச் சிரமம், பெடல் நிற்காமல் சுற்றுவதும் ஆபத்து. முட்டித் தேய்மானத்துக்கு மிதிப்பது நல்லதுதான், உடம்பு எடை முட்டியில் இறங்காது. முதுகு சாய்கிற மாதிரி நாற்காலி சீட் வைத்து, பெடல் முன்னால் இருக்கும் சைக்கிள் கிடைக்கிறது, அது உத்தமம். இடம் இல்லை என்றால் நாற்காலிக்கு முன்னால் தரையில் வைத்து மிதிக்கும் சின்ன பெடல் போதும், அது நழுவாமல் இருக்க அடியில் ரப்பர் மேட் போடுங்கள், சக்கரம் வைத்த நாற்காலியில் மட்டும் உட்கார வைக்காதீர்கள். பளு இல்லாமல் ஐந்து நிமிடம், காலையில் ஒன்று, சீரியல் பார்க்கும்போது ஒன்று. மறுநாள் முட்டி வீங்கியிருந்தால் வீக்கம் வடியும்வரை நிறுத்திவிட்டு, அப்புறம் மூன்று நிமிடத்திலிருந்து ஆரம்பிக்கலாம்.